வெலிங்டன் சந்தி இருக்கு, வெலிங்டன் எங்கே?

கலரிக்காரன்

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ பிடித்தேன். ஓட்டின பொடியனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "வெலிங்டன் சந்தியால விடட்டோ ஐயா?" என்று கேட்டான். ஓம் விடு என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், இருக்கேல்லை. தம்பி, வெலிங்டன் என்றால் என்ன என்று கேட்டுவிட்டேன். "ஆரோ வெள்ளைக்காரனாக்கும் ஐயா" என்றான். பிழை சொல்லவும் முடியாது, அந்தப் பெயரில் ஒரு வெள்ளைக்காரன் இருந்தவன்தான். ஆனால் அந்தச் சந்திக்குப் பெயர் வந்தது ஒரு தியேட்டரால் என்று அவனுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னதும் கண்ணாடியால் என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு, "இதிலயோ?" என்றான். அவ்வளவுதான்.

முற்றவெளிப் பக்கம் கோட்டைக்குக் கிட்ட றீகல், இங்கிலிசுப் படத்துக்கென்றே இருந்தது. அதைவிட வெலிங்டன், வின்சர், மனோகரா, ராஜா, ராணி, லிடோ, சாந்தி, வித்தியா, ஸ்ரீதர். விட்டுப்போனதை நினைவுள்ளவர்கள் சேருங்கோ. சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்துவிடுகிற ஒரு பட்டினத்துக்கு இத்தனை தியேட்டர். இதில் போருக்குப் பிறகும் ஓடியது என்று சொல்ல ராஜா, மனோகரா என்று ஒன்றிரண்டுதான் மிஞ்சியது. மிச்சமெல்லாம் யுத்தம் தின்றது. 1981இல் எரிந்த நூலகத்தை வருடா வருடம் நினைக்கிறோம், சரி, நினைக்கத்தான் வேண்டும். ஆனால் ஊர்ச்சனம் முழுக்கக் கூடின இந்த இடங்களை ஒரு நாளாவது நினைத்தோமா? ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னப் பலகை, பெயரும் இன்னது இருந்த இடம் என்று ஒரு வரியும். பெரிய செலவு இல்லை. ஆர் ஆர் கைகொடுப்பீர்கள்?

டெக் மாமா

அண்ணை, கோபிக்காதேயுங்கோ. யுத்தம் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது, வசதியும் கூட. தியேட்டரைக் கொன்றவர்களில் நானும் ஒருத்தன். ஸ்காபரோவில் இருந்து இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

1982இல் அரசாங்கத் தொலைக்காட்சி ரூபவாஹினி வந்தது. அதோடு ரீவி வந்தது, ரீவிக்குப் பின்னால் டெக் (வீடியோக் கசெற் போடுகிற பெட்டி) வந்தது. வெளிநாட்டில் இருந்து அனுப்பின டெக் ஒன்று என்னிடம் இருந்தது, ஒரு நிறப் பெட்டியும் இருந்தது. சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துப் போட்டு, அதற்கு மேல் ரீவியை வைத்துக் கட்டி, டெக்கை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு ஒரு பொடியன் முன்னுக்கு இருக்க, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு இரவுக்கு மூன்று படம். ஒழுங்கைக்குள் இருபது வீட்டுச் சனம் ஒரு முற்றத்தில் இருந்து பார்க்கும், காசைப் பங்குபோட்டுத் தருவார்கள். தியேட்டரில் ஒரு குடும்பம் ஒரு படம் பார்க்கிற காசுக்கு ஒரு ஒழுங்கையே விடியும்வரை பார்த்தது. எந்தத் தியேட்டர் தாங்கும்? பிறகு இந்தியாவின் தூரதர்ஷன் இழுக்கத் தொடங்கியது, வெள்ளிக்கிழமை பாட்டுக்கு ரோட்டில் ஆளே இல்லை. குண்டு விழ முதலே கதிரைகள் காலி.

பலகை வைப்பதென்றால் என் டெக்குக்கும் ஒன்று வையுங்கோ.

கலரிக்காரன்

தம்பி, நீர் கெட்டிக்காரன்தான், ஆனால் ஒன்றை விழுங்கிவிட்டீர். இரவில் ரோட்டில் ஆமி நிற்காவிட்டால் உம்முடைய டெக்கை ஆர் எடுத்திருப்பார்கள்? எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இரண்டாவது காட்சி முடிந்து சைக்கிளில் வீடு வருவது என்றால் என்ன என்று உமக்குத் தெரியும். பொடியன் படத்துக்குப் போனான் என்று தெரிந்தால் தாய் படலையில் நிற்கும். என் அம்மா நின்றவ. டைனமோ வெளிச்சம் ஒழுங்கையால் திரும்புகிறதைக் கண்டதும் உள்ளே போய்விடுவா, நான் உள்ளே வர நித்திரை மாதிரிப் படுத்திருப்பா. இப்படி எத்தனை நாள் போகலாம்? மூன்றாம் முறை நானே வேண்டாம் என்று விட்டேன். அது டெக்கின் வெற்றி இல்லை. பயத்தின் வெற்றி, அதில் நீர் கடை போட்டீர்.

டெக் மாமா

கடை போட்டதை நான் மறுக்கவில்லையே. பயம் சனத்தை வீட்டுக்குள் தள்ளியது, டெக் அங்கேயே பிடித்து வைத்தது. பயம் குறைந்த நாட்களிலும் சனம் தியேட்டருக்குத் திரும்பவில்லை, அதைத்தான் சொல்கிறேன். இன்னொன்று, படம் வந்து சேருகிற விதம். 1972இல் அரசாங்கத்தின் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபிறகு இந்தியப் படம் இறக்குகிறது அவர்களின் கை. அங்கே ஓடி முடிந்து ஆட்கள் மறந்தே போன படம் இங்கே புதுப்படமாக வரும். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா திரை விருந்து நிகழ்ச்சியில் அந்த வேகத்தில் சொல்கிறபோது பழைய படமும் புதுசாகத்தான் கேட்கும், அது அவருடைய குரலின் கெட்டித்தனம். கசெற் வந்ததும் அந்தக் காத்திருப்பு முடிந்தது. சனம் ஆரைத் தேடிப் போகும்?

கொட்டடி அக்கா

இரண்டு அண்ணைமாரும் நல்லாகச் சண்டை பிடிக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கட்டுமா? "ஊர்ச்சனம் முழுக்கக் கூடின இடம்" என்று கலரிக்காரன் அண்ணை எழுதினாரே, அந்த முழுக்கவில் நாங்கள் இருந்தோமா?

எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள். நான் நான்காவது. சாமத்தியப்படுமட்டும் அம்மம்மாவோடு பின்னேரக் காட்சிக்கு மூன்றோ நாலு தரம் போயிருக்கிறேன், பக்திப் படங்கள். அதுக்குப் பிறகு தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. அண்ணா ஒரே படத்தை ஆறு தரம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லுவான், நாங்கள் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்போம். சண்டைக் காட்சிகளை முழுதாகச் சொல்லுவான், காதல் காட்சி வந்தால் "அதிலே ஒரு பாட்டு" என்று தாண்டிவிடுவான். என் வயதுப் பெண்கள் கனபேருக்குத் தியேட்டர் என்றால் அண்ணன்மார் சொன்ன கதைதான், அதுவும் வெட்டின கதை.

டெக் வந்தபிறகுதான் நான் படம் பார்த்தேன் என்று சொல்வேன். அந்த இரவு எனக்கு இன்னமும் கண்ணுக்குள் இருக்கிறது. முற்றத்தில் பாய், பாயின் ஓரத்தில் சின்னப்பிள்ளைகள், விறாந்தையில் பெரியவர்கள், நடுவில் மேசையில் ரீவி. டெக் கொண்டுவந்த ஆள் (டெக் மாமா, அது நீங்களாகவும் இருக்கலாம்) முதல் கசெற்றைப் போட்டதும் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. அந்த ஆள் பதறவே இல்லை. சட்டைப்பையில் இருந்து ஒரு புது ரூபாய்த் தாளை எடுத்து, மடித்து, டெக்கின் வாய்க்குள் விட்டு ஹெட்டைத் துடைத்தார். படம் தெளிந்தது. அம்மா கோப்பி ஊற்றினா. இரண்டாவது படத்தில் அப்பா நித்திரை. மூன்றாவதில் அம்மாவும் நித்திரை. காதல் காட்சியை ஒருத்தரும் தாண்டவில்லை. அக்காவும் நானும் மூச்சுக் காட்டாமல் விடியும்வரை பார்த்தோம்.

இப்போது சொல்லுங்கோ, வெலிங்டனுக்காக நான் ஏன் அழவேண்டும்?

கலரிக்காரன்

அக்கா, இதுக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசித்து எழுதுகிறேன்.

றீல்பெட்டி

கொஞ்ச நாளாக வாசிக்கிறதோடு நின்றேன், இன்றைக்கு எழுதாமல் விட முடியவில்லை. என் அப்பா ஒப்பரேட்டர். எந்தத் தியேட்டர் என்று சொல்ல விருப்பமில்லை, முதலாளி குடும்பம் இருக்கிறது, சம்பளப் பாக்கிக் கதை ஒன்றும் இருக்கிறது, விடுங்கோ.

யுத்தமா டெக்கா என்று இரண்டு பேரும் இழுக்கிறீர்கள். மெசின் அறைக்குள் இருந்து பார்த்தால் கதை வேறு. அந்தக் காலத்து மெசினில் பல்ப் இல்லை. இரண்டு கார்பன் கோல், நுனிக்கு நுனி கிட்டக் கொண்டுவந்தால் நெருப்புப் பிடித்து வெள்ளை வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்தில்தான் படம். கோல் எரிந்து எரிந்து குறையும், இடைவெளி கூடினால் திரை மஞ்சளாகும், பிறகு இருளும். அப்பா ஒரு கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துப் பார்த்துக் கோலைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். கலரியில் (குறைந்த காசு வாங்குப் பக்கம்) இருந்து "டேய் ஒப்பரேட்டர்" என்று சத்தம் வந்தால் அப்பா ஒரு வாய் சோறு சாப்பிடப் போனார் என்று அர்த்தம். ஒரு பெரிய றீல் இருபது நிமிசம், அதற்கு மேல் இல்லை. முடிகிறபோது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வரும், சில விநாடி கழித்து இன்னொன்று. முதல் பொட்டுக்கு அடுத்த மெசினை ஓட விடவேண்டும், இரண்டாவதுக்கு மாற்றவேண்டும். சனம் கதாநாயகியைப் பார்க்கும், நான் பொட்டைப் பார்ப்பேன். இன்றைக்கும் பழைய படம் ஒன்றைப் பார்த்தால் என் கண் அந்த மூலைக்குத்தான் போகிறது.

ஒரே பிரின்ற்றை இரண்டு தியேட்டரில் ஓட்டுகிற நாட்களும் உண்டு. முதல் தியேட்டரில் ஓடி முடிந்த றீலைப் பெட்டியில் போட்டு சைக்கிளில் கட்டி அடுத்ததுக்கு ஓடவேண்டும். அந்த ஓட்டம் கொஞ்ச நாள் நான் ஓடினேன், பதின்மூன்று வயது. ஒருக்கால் செயின் கழன்றுபோய் ஆஸ்பத்திரி வீதியில் இருந்து கை முழுக்கக் கிறீஸோடு நான் செயினைப் போட்டுக்கொண்டு நிற்க, அங்கே இடைவேளை முக்கால் மணித்தியாலம் போனது. கச்சான்காரனுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம், எனக்குக் கொட்டைப் பாக்கை வாயில் போட்ட மாதிரி முகத்தோடு மனேச்சரின் ஏச்சு.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். தியேட்டர் ஒரே நாளில் சாகவில்லை. முதலில் இரவுக் காட்சி போனது. இரவுக் காட்சி போனால் வரும்படியில் பெரும்பங்கு போனது. பிறகு கார்பன் வரத்துக் குறைந்தது, கட்டைக் கோலை இன்னொரு கட்டையோடு ஒட்டி எரித்தார்கள். திருத்துகிற ஆள் கொழும்பில் இருந்து வர மாட்டேன் என்றான். 87இல் இந்தியன் ஆமிச் சண்டை. பிறகு 1990 ஜூன், சண்டை திரும்பத் தொடங்கினதோடு கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரிகூட அரசாங்கம் உள்ளே விடாது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்குக் கொளுத்தின ஊரில் கார்பன் மெசினுக்கு ஆர் கரண்ட் கொடுப்பது?

டெக்கும் அப்போது சாகவேண்டியதுதான், ஆனால் சாகவில்லை. தோட்டத்துக்கு இறைக்கிற மாதிரிச் சின்ன எஞ்சின், பெற்றோல் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் ஒரு ரீவியும் ஒரு டெக்கும் ஓடும். அந்தச் சின்ன மெசின் தப்பினது சின்னதாக இருந்ததால். டெக் மாமா, உங்கள் கட்சிக்கு இது ஒரு பொயின்ற்றுத்தான், எடுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் அப்பாவின் மெசின் தோற்றது உங்கள் டெக்கிடம் இல்லை.

டெக் மாமா

றீல்பெட்டி தம்பி, எடுத்துக்கொள்ளவில்லை. நான் 86இல் வெளிக்கிட்டுவிட்டேன், மண்ணெண்ணெயில் படம் ஓடின காலத்தை நான் பார்க்கவில்லை. எஞ்சின் விக்கினால் படம் சுருங்குமாமே, உண்மையா?

கொட்டடி அக்கா

ஓம், நாலு பக்கமும் கறுப்பு வந்து படம் முத்திரை அளவுக்குச் சுருங்கும். ஆரும் போய் எஞ்சினுக்கு ஒரு தட்டுத் தட்டினால் விரியும். அப்போது இந்தியப் படங்களை இயக்கம் (புலிகள்) வெட்டித்தான் விட்டது, ஆகவே கதையே பாதியில் தாவும். எனக்குப் பழக்கம்தானே, அண்ணா சொன்ன கதை மாதிரி.

சின்னவன்

நான் சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வு வருடம் பிறந்தவன், 95. அம்மாவின் வயிற்றுக்குள் இருந்து செம்மணி தாண்டினேன் என்று வீட்டில் சொல்வார்கள். ஆகவே எனக்கு இந்தத் தியேட்டர் ஒன்றும் தெரியாது, தெரியாதவன் கேட்கிற கேள்வியாக எடுங்கோ.

றீகலை விட்டால் இந்தத் தியேட்டர்களில் ஓடினது என்ன? இந்தியப் படம். எம்ஜிஆர், சிவாஜி, பிறகு ரஜினி, கமல். கட்-அவுட், மாலை, தேங்காய். எங்கள் ஆட்கள் எடுத்த படம் ஓடினதா? 1972இல் கட்டடக் கலைஞர் துரைராஜா காசு போட்டு, டபிள்யூ.எஸ். மகேந்திரன் இயக்கிக் 'குத்துவிளக்கு' வந்தது, எங்கள் ஊர்க் கதை. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் இங்கே வந்து எங்கள் சீதனத்தையும் சாதியையும் வைத்துப் 'பொன்மணி' எடுத்தார். இப்போது படம் படிக்கிற பிள்ளைகள் அதைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். கலரிக்காரன் ஐயா, நீங்கள் அதற்குப் போனீர்களா? உண்மையைச் சொல்லுங்கோ.

கட்டடத்துக்குப் பலகை வைக்கிற காசில் அந்தப் பழைய படங்களின் நல்ல பிரதி ஒன்றைத் தேடிப் பாதுகாக்கலாம். 2015இல் இருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, குறும்படம் எடுக்கிற பொடியள் பெட்டையள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திரையிட ஒரு ஒழுங்கான இடம் தேடித் திரிகிறோம். படம் பார்க்க 2013இல் திறந்த காகில்ஸ் சதுக்கம் இருக்கிறது, ஏசி இருக்கிறது, ஒருத்தனும் முன்னால் எழும்பி நிற்கமாட்டான். எனக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை.

அதோடு, நூலகத்தோடு தியேட்டரை ஒப்பிட்டதை ஐயா திரும்பப் பெறவேண்டும். அங்கே எரிந்த ஓலைச்சுவடிகளுக்கு வேறு பிரதி கிடையாது. தியேட்டரில் ஓடின படம் எல்லாம் இப்போது என் போனில் இருக்கிறது.

கலரிக்காரன்

நூலகத்தை இழுத்தது பிழை. திரும்பப் பெறுகிறேன். கோபத்தில் எழுதினது.

பொன்மணிக்குப் போகவில்லை. நான் மட்டும் இல்லை, என் கூட்டாளிகள் ஒருத்தரும் போகவில்லை. "எங்கட கதையை ஏன் காசு குடுத்துப் பாக்கோணும்" என்று ஒருத்தன் சொன்னது நினைவிருக்கிறது, நாங்கள் சிரித்தோம். அந்தக் கிழமை வேறு எங்கோ கியூவில் நின்றிருப்போம்.

ஆனால் சின்னவன், ஏசி இருக்கிறது, ஒருத்தனும் எழும்பி நிற்கமாட்டான் என்று எழுதினீரே, அதுதான் விசயம். கலரியில் முதுகு சாயக் கூட இடமில்லாத வாங்கில் பக்கத்தில் ஆர் இருக்கிறான் என்று தெரியாமல் இடித்துக்கொண்டு இருப்போம். பாட்டு வந்தால் அவன் என் தோளில் தாளம் போடுவான். அங்கே சாதி பார்க்கவில்லை. காசு கொடுத்தாயா, இரு. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு இடம் வேறு எது இருந்தது?

கரையோரத்தான்

கலரிக்காரன் அண்ணை, மெல்ல. சாதி பார்க்கவில்லை என்று சொல்லவேண்டியது நீங்கள் இல்லை.

என் ஐயா எழுபத்தெட்டு வயதில் போன வருடம் காலமானார். அவருடைய வாலிப வயதில் இங்கே தேத்தண்ணிக்கடையில் எங்கள் ஆட்களுக்குப் போத்தலும் தகரப் பேணியும், மற்றவர்களுக்கு மூக்குப்பேணி. 68இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் எங்கள் ஆட்களை விடாமல் மறித்து வாசலில் என்ன நடந்தது என்று வாசித்திருப்பீர்கள். ஐயா படத்துக்குப் போகிற நாட்களில் தியேட்டர் வாசலில் இருந்த கடையில் சோடா குடிக்காமல்தான் உள்ளே போவார். காசு இல்லாமல் இல்லை, போத்தலை எந்தக் கையால் தருவான் என்று பார்க்க விருப்பமில்லாமல். ஆகவே வாசல்வரை சாதி இருந்தது. படம் முடிந்து வெளியே வந்தாலும் இருந்தது.

இனி மற்றப் பக்கம். ஐயா ஒரு கதை அடிக்கடி சொல்வார். ஒரு நாள் கலரியில் லைற் அணைந்தபிறகு பிந்தி வந்த ஒருவர் ஐயாவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு இருந்தார். படம் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், அந்த ஆள் கச்சான் சரையை நீட்ட ஐயாவும் எடுத்தார். இடைவேளைக்கு லைற் போட்டால், ஐயா கூலிக்குப் போகிற தோட்டத்துச் சொந்தக்காரர். அந்த ஆளின் வீட்டு விறாந்தையில் ஐயா அதுவரை ஏறினதில்லை. அவர் ஐயாவைப் பார்த்தார், ஐயா அவரைப் பார்த்தார். எழும்பிப் போகவில்லை. கச்சானும் நீட்டவில்லை. அடுத்த பாதியை இரண்டு பேரும் அப்படியே இருந்து பார்த்தார்கள். அடுத்த நாள் தோட்டத்தில் இதைப்பற்றி ஒரு சொல் கிடையாது.

நான் பலகைக்கு ஆதரவு. ஆனால் "இங்கே எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள்" என்று எழுதினால் நானே வந்து கழற்றுவேன்.

நெல்லியடி 72

எல்லாம் சரி, யாழ்ப்பாணம் என்றால் டவுன் மட்டும்தானோ? நெல்லியடியில் மகாத்மா தியேட்டர் இருந்தது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வடமராட்சியான் படம் பார்க்கப் பஸ் ஏறி உங்கள் பட்டினத்துக்கு வந்தான் என்று நினைப்போ? எங்கள் பக்கத்து ஆட்கள் புதுப்படம் பார்க்க வல்வெட்டித்துறையால் வள்ளத்தில் அக்கரைக்கே, இந்தியாவுக்கே போய் வந்தவர்கள்.

டெக் மாமா

வள்ளக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் வள்ளத்தில் நான் போனேன் என்று சொல்கிறவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. மாமா போனார், சித்தப்பா போனார். போனவர்கள் படத்துக்காக மட்டும்தான் போனார்களா, சாமான் ஒன்றும் கொண்டுவரவில்லையா என்றும் கேட்கவேண்டும். 😀

நெல்லியடி 72

சாமானும் கொண்டுவந்தார்கள், படமும் பார்த்தார்கள். ஒரு வேலையாகப் போகிறவன் இன்னொரு வேலையையும் பார்க்கக்கூடாதோ? மகாத்மாவைச் சேருங்கோ, நான் போகிறேன்.

மட்டுறுத்துநர்

ஸ்ரீதர் தியேட்டர் கட்டடம் பிறகு ஒரு அரசியல் கட்சியின் அலுவலகமாகக் கனகாலம் இருந்தது ஊருக்கே தெரிந்த விசயம். அதைப்பற்றி வந்த ஆறு பின்னூட்டங்களைத் தூக்கியிருக்கிறேன். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. தியேட்டரைப் பற்றிக் கதையுங்கோ.

றீல்பெட்டி

கரையோரத்தான் அண்ணை, உங்கள் ஐயா எந்தத் தியேட்டர் என்று சொன்னாரா? மெசின் அறைக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், இடைவேளைக்கு லைற் போட்டதும் அதற்குள்ளால் நான் கலரியைப் பார்ப்பேன். சனம் ஒன்றையொன்று முழித்துப் பார்க்கிற நேரம் அது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை, ஆரோ ஆரையோ தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 96இல் ஊருக்குத் திரும்பி வந்தபிறகு அப்பாவோடு தியேட்டரைப் பார்க்கப் போனேன். கூரைத் தகடு இல்லை. கதிரை இல்லை. இரும்புக் கேடர்கள் பங்கருக்குப் போயிருந்தன, தண்டவாளமே போன ஊரில் கேடர் எந்த மூலை. திரை இருந்த சுவர் மட்டும் வெள்ளையாக நின்றது. மெசின் அறைப் படியில் ஏறி அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "லென்சைக் கழற்றினவன் தொழில் தெரிஞ்சவன், ஆணியைச் சேதப்படுத்தாமல் கழற்றியிருக்கிறான்" என்றார். அந்த ஒரு வசனம்தான். பிறகு அவர் ஒரு நாளும் அந்தப் பக்கத்தால் சைக்கிள் விடவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான், ஆனால் விட்டார், அந்த வழியில்தான் சந்தை.

கொட்டடி அக்கா

பலகைக்கு நான் எதிர்ப்பு என்று ஆரோ எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அப்படி நான் சொல்லவில்லையே. நான் அழமாட்டேன் என்றுதான் சொன்னேன். பலகை வையுங்கோ, ஆனால் அதில் எழுதுகிறதை நாலு அண்ணைமார் இருந்து எழுதக்கூடாது. வீட்டில் இருந்த நாங்கள் தியேட்டரைப் பற்றி என்ன கேட்டோம், என்ன நினைத்தோம் என்றும் ஆரும் பதிய வேண்டும். என் மூத்த அக்காவுக்கு எழுபத்தொன்று. ஒரு படமும் தியேட்டரில் பார்க்காமல் நாற்பது படத்தின் பாட்டை வரிசை பிசகாமல் சொல்லுவா. சின்னவன், உம்மிடம் நல்ல போன் இருக்கிறதுதானே, வந்து அவவின் குரலை ஒலிப்பதிவு செய்யும். பகலில் வாரும், பின்னேரம் அவ சீரியல் பார்ப்பா.

சின்னவன்

வாறேன் அக்கா. பலகை விசயத்தில் நான் மனம் மாறவில்லை, ஆனால் குரல் பதிகிறது நல்ல வேலை. றீல்பெட்டி ஐயாவின் அப்பா இருக்கிறாரா?

றீல்பெட்டி

இல்லைத் தம்பி. ஆனால் படம் ஒட்டுகிற அவருடைய சின்னக் கட்டர் என்னிடம் இருக்கிறது. அதையும் கொண்டுவாறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வெலிங்டன் சந்தியில் சந்திப்போம், யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் வாருங்கோ. அதற்கு முதல் கலரிக்காரன் அண்ணை சொல்லவேண்டும், தியேட்டர் சந்தியின் எந்தப் பக்கம்? எனக்கு ஒரு பக்கம் நினைவு, என் மனிசி வேறு பக்கம் என்கிறா.

கலரிக்காரன்

இதென்ன கேள்வி, இடது கைப் பக்கம்.

கரையோரத்தான்

வலது கை அண்ணை. நான் ஐயாவோடு போயிருக்கிறேன்.

டெக் மாமா

கலரிக்காரன் அண்ணை பஸ் ஸ்ராண்ட் பக்கத்தால் சைக்கிளில் வந்திருப்பார், கரையோரத்தான் நல்லூர்ப் பக்கத்தால் வந்திருப்பார். அதுதான் கை மாறுகிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறீர்கள்.

கலரிக்காரன்

நான் எல்லாப் பக்கத்தாலும் வந்தவன். இடது.

சின்னவன்

இன்றைக்கு வேலை முடிந்து வருகிற வழியில் சந்தியில் இறங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கடைதான். ஒரு கடை வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த வயதான ஐயாவிடம் வெலிங்டன் தியேட்டர் எதில் இருந்தது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி, எழும்பி ரோட்டுக்கு வந்து, ஒரு கையை நீட்டிக் காட்டினார். கலரிக்காரன் ஐயா சொன்ன பக்கமும் இல்லை, கரையோரத்தான் அண்ணை சொன்ன பக்கமும் இல்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறேன்.